நீலம் முடியும் இடம்

சோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கலரக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேலை அப்படி. எஞ்சினுக்குள் தீ எரியும் அறைக்கு உட்சுவராக ஓர் உலோக உருளை இருக்கும். லைனர் என்பார்கள். அதன்மேல் ஊதா நிறப் பூச்சு ஒன்றைப் பூசி, சோதனை மேடையில் மாட்டி எரியவிடுவார்கள். சூடு ஏற ஏற ஊதா நீலமாகும். நீலம் சாம்பலாகும். அதற்கும் மேலே போனால் வெளுத்துவிடும். ஆறின பிறகும் பழைய நிறம் திரும்பாது. சன்னலோர மேசையில் லைனரைக் கிடத்தி, எந்த இடம் எவ்வளவு காய்ந்தது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பென்சிலால் கோடு இழுப்பாள்.

அந்தச் சூட்டுக்கு லைனர் நியாயமாக உருகி ஓடியிருக்க வேண்டும். ஓடாமல் காப்பது வெறும் காற்று. சுவரில் சாய்வாகப் போட்ட பொடிப்பொடி ஓட்டைகள் வழியே அது உள்ளே நுழையும். நுழைந்து, சுவரோடு சுவராகப் படுத்து, மெல்லிய படலமாக வழுக்கிக்கொண்டே போகும். தீக்கும் சுவருக்கும் நடுவே அது ஒன்றுதான் துணை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேடையின் தடித்த கண்ணாடி வழியே பார்த்தால், தீ சுவரைத் தொட வருவதும் பட்டும் படாமலும் விலகிப்போவதும் தெரியும். எரியும்போதெல்லாம் அவள் அந்தக் கண்ணாடி முன்னால் போய் நிற்பாள். இரைச்சல் எல்லாம் காதடைப்பானுக்கு வெளியே எங்கோ தூரத்தில் இருக்கும். ஆற்றுக்கு அடியில் நின்று மேலே போகும் வெயிலைப் பார்ப்பது போல இருக்கும்.

ஓட்டைகளை எங்கே, எந்தச் சாய்வில், எவ்வளவு அகலத்தில் போடுவது என்று கணக்குப் பார்க்கிற எஞ்சினியருக்கு ஓட்டை சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "என் வேலையில ஓட்டை இல்லைன்னாதான் தப்பு" என்பார். மனைவி தவறிப் பல வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. லைனரைத்தான் பிள்ளை என்பார். அதை மேடையிலிருந்து இறக்கும்போது மட்டும் பக்கத்தில் வரமாட்டார். தாழ்வாரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

"என்னங்க, பிள்ளை பொழைச்சுதா?" என்று அங்கிருந்தே கேட்பார்.

இந்த முறை கொண்டுவந்த லைனரில் மூன்றாவது வரிசை ஓட்டைகளைப் பெரிதாக்கியிருந்தார். அந்த இடம்தான் எப்போதும் காயும். காற்றைத் தாராளமாக விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பு. எரித்து, ஆறவிட்டு, மேசைக்குக் கொண்டுவந்தார்கள். அவள் குனிந்து பார்த்தாள். முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தாள். மழைக்கு முந்தின வானம் மாதிரி எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. எல்லை என்று ஒன்றைக் காணோம்.

"எல்லாம் நீலம்தான் சார்."

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னார். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் காப்பி வந்தது.

அன்று சாயங்காலம் தங்கை திரைச்சீலை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா தங்கை இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு. முன்னறை முழுக்கத் துணி.

"அக்கா, அந்த நீல நூலை எடு."

எடுத்துக் கொடுத்தாள்.

"இது கறுப்புக்கா."

"நீலம்தானேடி?"

தங்கை மிஷினை நிறுத்தினாள். இன்னொரு நூல்கண்டை எடுத்து, இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இப்போ சொல்லு. எது நீலம்?"

அவள் பார்த்தாள். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. சில மாதமாகவே வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்படித்துத் தெரிந்தது. சோப்பு சரியில்லை என்று நினைத்திருந்தாள்.

"கண்ணுல புரை விழுந்திருக்கும்க்கா. டாக்டர்கிட்ட காட்டினா சரியாயிடும். இதுக்குப் போயி ஏன் இப்படி உக்காந்துட்டே?"

"நான் இன்னிக்கு ஒருத்தர்கிட்ட நீலம்னு சொல்லிட்டேன்டி."

மறுநாள் காலையில் ஓட்டை சார் வருவதற்கு முன்பே அவருடைய அறை வாசலில் நின்றாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். "என் கண்ணை நம்பாதீங்க சார். எனக்கு நீலமும் சாம்பலும் ஒண்ணாத் தெரியுது. நேத்து நான் பார்த்தது எல்லை இல்லாத லைனர் இல்ல. பார்த்தது எல்லை தெரியாத கண்ணு."

அவர் கையிலிருந்த பையை மேசைமேல் வைக்க மறந்து நின்றார். பிறகு மெதுவாக, "தாழ்வாரத்துல முதுகைக் காட்டிக்கிட்டு நின்னவன் நானுங்க. பெத்தவன் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்" என்றார். "வாங்க, போலாம்."

அவள் பென்சிலைப் பிடித்துக்கொண்டாள். அவர் நிறத்தைச் சொன்னார். எங்கே பார்க்க வேண்டும், எந்த வெளிச்சத்தில் சாய்க்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் லைனரை உருட்டினார். முதல் வரிசை நீலம். இரண்டாவதும் நீலம். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் அவர் குரல் இறங்கிவிட்டது.

"சாம்பல். நாக்கு நாக்கா நீட்டிக்கிட்டு இருக்கு. நடுவுல வெளுக்கவே ஆரம்பிச்சிருச்சு."

"எவ்வளவு தூரம்?"

"உங்க சுண்டுவிரல் நீளம் இருக்கும்."

அவர் சொன்ன இடத்தில் கோடு போட்டாள். தனக்குத் தெரியாத ஒன்றைச் சுற்றி வரைவது, தூக்கத்தில் யாருடைய முகத்தையோ தடவிப் பார்ப்பது போல இருந்தது.

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: "காத்தைக் கூட்டினேன் பாருங்க, அதான் வினை. வேகமா வந்த காத்து சுவரோட படுக்கலை. எகிறித் தீக்குள்ள குதிச்சிருச்சு. அடியில சந்து கிடைச்சதும் தீ உள்ள பூந்திருச்சு."

"அப்போ குறைக்கணுமா?"

"குறைச்சு, தீப்பக்கம் இருக்கிற ஓட்டையோட வாயை மட்டும் புனல் மாதிரி விரிக்கணும். அவசரமில்லாம வந்து படுக்கணும் அது."

மேலதிகாரிக்கு அவரே போன் செய்தார். நேற்றுச் சொன்னது தப்பு என்று ஆரம்பித்து, தான் சரியாகப் பார்க்கவில்லை என்றார். மறுமுனையில் குரல் உயர்ந்தது இவளுக்கே கேட்டது. அவள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். "பார்த்தது நான். எனக்குக் கண்ணுல புரை. அவர் மேல தப்பில்லை" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சைக்குத் தங்கை கூடவே வந்தாள். கண்ணை மரக்க வைத்தார்கள். ஆனால் விழித்திருந்தாள். மேலே இருந்த விளக்குகள் கரைந்து ஒன்றோடொன்று கலந்தன. வெளிச்சம் தண்ணீராக மாறி இமைக்குள் ஓடியது. டாக்டர் நர்ஸிடம் ஏதோ கேட்டது எங்கோ அடுத்த ஊரில் கேட்டது. அவள் லைனருக்குள் நின்றுகொண்டிருந்தாள். நடுவில் தீ, சத்தமே இல்லாமல், பொன்னாக. சுவர் ஓரமாக நடந்தாள். ஓட்டை ஓட்டையாகக் குளிர்ந்த காற்று வந்து கணுக்காலைத் தொட்டது, தோளைத் தொட்டது, கன்னத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. பயமே இல்லை. கையை நீட்டினால் தீயைத் தொட்டுவிடலாம் போல இருந்தது.

"முடிஞ்சுதும்மா" என்றார் டாக்டர்.

கட்டைப் பிரித்த அன்று, ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளையாக இருந்தது. மூலையில் இருந்த வாளி நீலமாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் வாளியை வாயில் ஈ போவது தெரியாமல் அவள் பார்த்துக்கொண்டு நிற்க, தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய வாரம் புது லைனர் தயாராக இருந்தது. மூன்றாவது வரிசையில் ஓட்டைகள் சின்னதாகி, வாய் விரிந்திருந்தன. எரித்து ஆறவிட்டு மேசைமேல் வைத்தார்கள். ஓட்டை சார் தாழ்வாரத்துக்குப் போகவில்லை. பக்கத்திலேயே நின்றார்.

அவள் குனிந்தாள். எத்தனை காலமாக இதைப் பார்க்காமல் இருந்தோம் என்று தோன்றியது. நீலத்துக்குள் நீலம். ஓட்டைகளுக்குப் பின்னால் ஊதாக் கீற்றுகள் புல் சாய்ந்த மாதிரி ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. காற்று போன தடம். கண்ணுக்குத் தெரியாதது தான் போன வழியை வரைந்து வைத்துவிட்டுப் போயிருந்தது.

"சொல்லுங்க" என்றார் அவர்.

"கடைசி விளிம்புல கொஞ்சம் சாம்பல் இருக்கு. அதைப் பார்க்கணும். மத்தபடி பொழைச்சிருச்சு சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழமை ஏதாவது வேலை இருக்குங்களா? இல்ல, கடல் பக்கம் போலாமான்னு... உங்க கண்ணுக்கும் நல்லாருக்கும். தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்களேன்."

அவள் விளிம்பில் கோடு போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவ எதுக்கு சார்?"

கீழே மேடையில் வேறு யாருடைய லைனரையோ பற்றவைத்தார்கள். சன்னல் கண்ணாடிகள் மெல்ல அதிர ஆரம்பித்தன. இருவரும் அந்த அதிர்வைக் கேட்பது போல நின்றார்கள்.