உறை பிரிக்காத வடிகட்டி

இந்த ஆஸ்பத்திரியில் கிருமிகூட மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும் போல. உத்தரவு வரும்வரை தம்புவின் கட்டிலோரமாகக் கைகட்டி நின்றிருக்கலாமே. பக்கத்துக் கட்டிலுக்குப் போகச் சொன்னது யார்?

நர்ஸ் ராகினி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மேட்ரன் சந்திரிகா நீட்டிய பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு நாளுக்கு முன் நெஞ்சுநோய் வார்டின் நாலாம் கட்டிலுக்கு இன்ஃபுளுவென்சாவோடு வந்தவர் தம்பு. தினமும் ஆறு வேளை நெபுலைசர். மருந்துப் புகையை இழுத்து அவர் இருமும்போதெல்லாம் வார்டு முழுவதற்கும் பங்கு கிடைத்தது. அதைத் தடுக்கத்தான் அந்தக் கருவி வந்திருந்தது: நோயாளியின் தலைக்கு மேல் கவிழ்க்க ஒரு பிளாஸ்டிக் கூண்டு, அதற்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வடிகட்ட ஒரு பெட்டி. வந்த அன்று சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் நடந்தன. இயக்குநர் அதன்மேல் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அவர் போனதும் மேட்ரன் அதற்கு மறுபடி உறை மாட்டிவிட்டார்.

"ஃபில்டர் அழுக்காயிடும்லா. ஆய்வுக்கு வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

மேட்ரன் வீட்டு சோபாவிலும் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. போன தீபாவளிக்கு அதில் ஒட்டிக்கொண்டுதான் ராகினி முறுக்கு தின்றாள்.

ஐந்தாம் கட்டிலில் இருந்தவள் சுங்கை பாக்காப் ஊர்க்காரி யோகம்மா. ஆஸ்துமா அடங்கி, வீட்டுக்குப் போக இருந்தாள். "மிஸ்ஸி, அந்த அண்ணே விடுற புகை எனக்கும் சேர்த்தா? தனி பில்லு போட்டுறாதீங்க," என்று ராகினியிடம் சிரித்தாள். மறுநாள் அவளுக்கும் அதே காய்ச்சல். இன்று காலை தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள்.

"ஆறு நாளும் கூண்டு போட்டதா டிக் பண்ணி, கையெழுத்துப் போடும்மா," என்றார் மேட்ரன். "யோகம்மாவுக்குத் தைப்பூசக் கூட்டத்துல தொத்துனதா நான் எழுதிக்கிறேன். தண்ணீர்மலைக் கோயில்ல என்ன கூட்டம்!"

"தைப்பூசம் முடிஞ்சு மூணு வாரமாச்சு மேட்ரன்."

"கிருமி என்ன காலண்டர் பார்த்தா வருது?"

ராகினிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே தன்மீது எரிச்சலும் வந்தது. உறையைப் பிரிக்க ஒரு கத்தரிக்கோல் போதும்; அது அவள் பையிலேயே இருந்தது. தம்பு வந்த அன்றே, பிரிக்கலாமா என்று மேட்ரனிடம் ஒருமுறை கேட்டாள். "அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. அந்தப் பதில் எவ்வளவு வசதியாக இருந்தது! கேட்டாயிற்று, இனிமேல் பழி தன்னுடையதில்லை என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள். யோகம்மாவைத் தள்ளிக்கொண்டு போனபோது அந்தத் தூக்கம்தான் நினைவுக்கு வந்தது.

ஐந்தாம் கட்டிலில் புது விரிப்பு போட்டாயிற்று. ருக்கையா என்ற பெண் மூச்சிரைக்கச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தம்புவின் அடுத்த நெபுலைசருக்கு இன்னும் கால்மணி நேரம். இப்போது கையெழுத்திட்டால் கூண்டு ஆறு நாளும் வேலை செய்ததாகிவிடும். அப்புறம் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

"சீனியர் போஸ்டுக்கு உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன், ராகினி." மேட்ரன் பேனாவை அவள் விரல்களுக்கிடையில் செருகினார்.

ராகினி பேனாவை மூடிப் பதிவேட்டின் மேல் வைத்தாள்.

"நாம கூண்டு போடல மேட்ரன்," என்றாள், ருக்கையா திரும்பிப் பார்க்காத அளவுக்கு மெதுவாக. "போட்டேன்னு நான் எழுத மாட்டேன்."