அளவு நோட்டில் ஒரு பக்கம்

பஸ்ஸில் என் பர்ஸை எவனோ அடித்துவிட்டான். அதிலிருந்த சில்லறை போனால் போகட்டும். கூடவே பேங்க் கார்டும் போனது. நான் பேங்குக்குச் சொல்லி நிறுத்துவதற்குள் கணக்கைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டான். மகளின் காலேஜ் ஃபீஸுக்கென்று இரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம்.

"ரகசிய நம்பர் தெரிஞ்சது மூணே பேருக்குத்தான்," என்றாள் மனைவி. "நீங்க, நான், என் தம்பி."

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பணம் எடுத்து வரச்சொல்லித் தம்பியிடம் நம்பரைக் கொடுத்தவள் அவள்தான். பர்ஸ் போன அன்று அவனும் என்னோடு அதே பஸ்ஸில் வந்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. போனில் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். வைத்துவிட்டு அழுதாள். மறுநாள் பாலைப் பாதியாக்கினாள், பேப்பரை நிறுத்தினாள். நான் வாயே திறக்கவில்லை.

நான் தையல்காரன். வீட்டு முன்னறைதான் கடை. என் ஞாபகம் முழுக்க அளவு நோட்டில்தான் இருக்கிறது. நம்பரை இரண்டு முறை மறந்து ஏ.டி.எம். மெஷின் முன்னால் அசடு வழிந்த பிறகு, யாருக்கும் புரியக்கூடாதென்று அதை ஓர் அளவுச் சீட்டாக எழுதிக் கார்டோடு செருகிக்கொண்டேன். மார்பு 42, இடுப்பு 38. பெரிய மூளைக்காரன்தான். ஆனால் பெயர் எழுதாமல் சீட்டுக் கிழிக்க என் கைக்குப் பழக்கமில்லை. பெயர் என்ற இடத்தில் 'பேங்க்' என்று எழுதியிருந்தேன். கார்பன் நகல் நோட்டிலேயே இருந்தது. பர்ஸ் போனதிலிருந்து அந்தப் பக்கம் வந்தால் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டினேன்.

ஒன்பதாம் நாள் மைத்துனன் வந்தான். உட்காரவில்லை. மேஜைமேல் ஒரு கவரை வைத்தான்.

"நான் எடுக்கலக்கா. நம்பினா நம்பு. பைக்க வித்துட்டேன், பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டிடு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் தெருவில் இறங்கி நடந்தான். அவன் நடந்து போவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஓடி, தெருமுனையில் பிடித்து, அந்தப் பக்கத்தை நீட்டினேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவன் படித்துவிட்டுச் சிரித்தான்.

"உங்க இடுப்பு முப்பத்தெட்டா? இது எந்தக் காலத்து அளவு மாமா?"

பிறகு குரலைத் தாழ்த்தினான். "இதக் கிழிச்சுப் போட்டுடுங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா உங்கள உண்டு இல்லன்னு பண்ணிடுவா. எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்தான்."

பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

திரும்பி வந்தேன். அவள் கவரைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டைப் பிரித்து அதன்மேல் வைத்தேன்.

"நான் எழுதினது," என்றேன். "கார்டோட வச்சிருந்தேன்."

இரண்டு முறை படித்தாள். கவரை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், தம்பியைக் கூப்பிட்டபடி தெருவில் ஓடினாள்.