சைக்கிள் கடைக்குப் புது முகவரி

சைக்கிள் கடை வைத்திருந்த அக்காவுக்கு, தன் நாட்டைக் குறிக்கும் இரண்டெழுத்துக் குறியில் முடிகிற இணைய முகவரிதான் வேண்டும். கடைப் பெயரைத் தட்டிப் பார்த்தாள். இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஆனால் உள்நாட்டுக் கடைதான் என்பதற்குச் பதிவு செய்பவர்கள் சான்று கேட்டார்கள்.

"அதுக்குள்ள எவனாவது கொத்திக்கிட்டுப் போயிடுவான்டி!" என்று அலறினாள்.

தங்கை ஸ்டூலில் தாவி ஏறி, சுவரில் மாட்டியிருந்த கடை உரிமத்தைக் கழற்றினாள். கிரீஸ் கையோடு படமெடுத்து அனுப்பினார்கள். பத்தே நிமிடத்தில் பதிவாகிவிட்டது!

இருவரும் கைகோத்துக் குதித்தார்கள். பஞ்சர் ஒட்ட வந்த தபால்காரரையும் இழுத்துக்கொண்டார்கள். அவரும் காரணம் கேட்காமல் மூன்று சுற்றுச் சுற்றி, மூச்சு வாங்க நின்றார்.

"ஆமா, எதுக்கும்மா ஆடுறோம்?"

"எங்களுக்குப் புது முகவரி கிடைச்சிருக்கு, சார்!"

"ஐயையோ, கடைய எங்க மாத்துறீங்க?" என்று பதறினார் தபால்காரர்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தபடி, கைபேசியில் அந்த இணைய முகவரியை அவருக்குக் காட்டினாள்.