இரண்டு கைதட்டலுக்கு நடுவில்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் வேலை நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் கேட்கவே வேண்டாம். அன்றைக்குத் தட்டியது தமிழ்வாணியக்காவின் கூடப்பிறந்த அக்கா என்று தெரிந்திருந்தால், "எவன்டா அது?" என்று கத்தியிருக்க மாட்டேன்.

பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் சமுதாய வானொலி. ஒலிப்பதிவுக்கு ஓர் அறை, நான் உட்கார ஓர் அறை, அவ்வளவுதான். வாணியக்கா மத்தியானம் பேசிப் பதிவு செய்துவிட்டு மனுக்கட்டைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு ஓடிவிடுவாள். நான், சாய்குமார், சிம்மக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்து சேர்ந்து, அதை வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்து சாயங்காலம் ஆறரைக்கு ஒலிபரப்புவேன். பத்து வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு. அவள் செத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் வாடிப்பட்டியில் படத்திறப்பு. அங்கே போடுவதற்காக அவள் குரலை நாற்பது நிமிஷத்துக்குத் தொகுத்துக்கொண்டிருந்தேன். தொகுத்தேன் என்பது பேச்சுக்கு. பாதி நேரம் அழுதுகொண்டிருந்தேன்.

"நான் அன்னக்கொடி, தம்பி. வாணியோட அக்கா. பெரியாஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன்."

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அக்காவும் தங்கையும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியும். காரணமும் தெரியும். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரில், காலனிக்காரர்கள் வீட்டில் சாவு விழுந்தால் பாடையோடு வாய்க்காலில் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். கரையோரப் பாதையை வயலாக்கி வைத்திருந்தது வேறு யாருமில்லை, வாணியக்காவின் சொந்தப் பெரியப்பா. அவர் மேலேயே கேஸ் போட்டாள் இவள். வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். அன்னக்கொடியக்காவின் புருஷன், "அவ வாசலை மிதிச்சா திரும்பி வராத" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கேஸ் நடக்கும்போது காலனியில் விருமாண்டி என்பவரின் அம்மா செத்துப்போனார். ஐப்பசி மாசம், வாய்க்கால் நிறையத் தண்ணீர். வாணியக்கா ஒரு கையில் மைக்கும் ஒரு கையில் பாடைக் கம்புமாக மார்பளவு தண்ணீரில் இறங்கிப் பேசிக்கொண்டே போனாள். பதிவைக் கேட்டால் ஒரே சளசளப்பு. நான் மெனக்கெட்டுத் தண்ணீர்ச் சத்தத்தையெல்லாம் எடுத்துக் குரலைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஏ வெட்டுக்கிளி! தண்ணி சத்தத்தை எடுத்துட்டா அப்புறம் அங்க என்னடா இருக்கு? அந்தாளு பெத்த தாயைத் தண்ணிக்குள்ள தூக்கிட்டுப் போறாரு. ஊரு கேக்கட்டும்டா!"

ஊர் கேட்டது. கோர்ட்டும் கேட்டது. போன தை மாசம் பாதை வந்தேவிட்டது. முதல் ஆளாக நடக்க வாங்கம்மா என்று காலனிக்காரர்கள் கூப்பிட்டதற்கு, "சுடுகாட்டுக்குப் போறதுல எனக்கு எதுக்குய்யா முதல் மரியாதை?" என்று சிரித்தாள். சிரித்து முடிக்கவில்லை, இருமல் வந்துவிட்டது.

அன்னக்கொடியக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும் தம்பி. வீட்டுக்காரருக்குத் தெரியாம தெனமும் ஆறரைக்கு ஹெட்போன் மாட்டி அவ பேசுறதைக் கேட்டுருவேன். ஒரு நாள் விட்டதில்ல. இருபத்தாறு வருசமா நெஞ்சு வார்டுல இருக்கேன். இருமுற சத்தத்தை வச்சே இது சளி, இது டிபி, இது வேறன்னு சொல்லிருவேன். டாக்டருங்களே எங்கிட்டக் கேப்பாங்க. இவளுக்கு நுரையீரல்ல புத்துநோயாம். ஒரு வருசமா இருந்துச்சாம். கடைசி வாரம் வரைக்கும் மணி மாதிரி பேசுனாளே, எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? நான்தான் சரியாக் கேக்கலையா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். 'ஆமாக்கா, யாருக்குமே தெரியல' என்று ஒரு வார்த்தை போதும், காபி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் தன் காதையே குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷியை அப்படியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"நான்தான்க்கா வெட்டினேன்" என்றேன்.

புரியவில்லை அவருக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். போன வருஷம் ஆனியில் இருமல் ஆரம்பித்தது. டாக்டரிடம் போகச் சொன்னால், "பாதை கேஸ் முடியட்டும்டா" என்பாள். "நான் இருமுறேன்னு தெரிஞ்சா, இவ எப்படா போவான்னு ஃபைலை அமுக்கிட்டுக் காத்திருப்பானுங்க. ஒரு இருமல் வெளிய கேக்கக்கூடாது, வெட்டிரு" என்றாள். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. வெட்ட வேண்டிய இடத்துக்கு முன்னால் ஒரு கைதட்டல், முடிந்ததும் ஒரு கைதட்டல். கம்ப்யூட்டர் திரையில் கைதட்டல் மட்டும் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு தெரியும். ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் இருப்பதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணால் பார்த்தே தூக்கிவிடுவேன். மதுரை ஜில்லாவில் என்னைப்போல் வேகமாக வெட்ட ஆள் இல்லை என்று மார்தட்டிக்கொண்டு வேறு திரிந்தேன், மடையன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வெட்டாதது இருக்கா?"

"முழுசா இருக்கு. எதையும் அழிக்க மாட்டேன்."

"போடு."

முதல் இருமலைப் போட்டேன். ஆனி மாசம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நானும் அப்போதுதான் கேட்கிறேன். "இது ஒண்ணும் தெரியல" என்றார். அடுத்தது ஆடி. உதட்டைக் கடித்தார். "அடுத்தது போடு."

ஆவணிக் கடைசியில் ஒரு பதிவு. பேச்சு நின்றது. கைதட்டல். பிறகு நீளமாக, அடிவயிற்றிலிருந்து ஓர் இருமல். அன்னக்கொடியக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "இதேதான்... ஐயோ, இதைக் கேட்டிருந்தா அன்னைக்கே இழுத்துட்டுப் போயிருப்பேனே!"

நிறுத்தக் கை நீட்டினேன். அதற்குள் வாணியக்காவின் குரல் வந்தது. மைக்குக்குப் பக்கத்தில், மெதுவாக.

"சாய்... இன்னைக்கு இதை மட்டும் வெட்டாத. அப்படியே விட்டுரு. எங்க அக்கா தெனமும் கேக்குதாம், சித்தி மக சொன்னா. இந்த இருமலைக் கேட்டுச்சுன்னா அது வந்துரும். எனக்குக் கொஞ்சம் பயமாத்தான்டா இருக்கு."

பழக்கதோஷம். சொல்லி முடித்ததும் கையைத் தட்டியிருக்கிறாள். நான் இரண்டு ஊசியையும் பார்த்தேன், தூக்கிவிட்டேன். ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் போதும். சோம்பேறி நாய் நான், கேட்கவில்லை. ஆவணியில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று பின்னால் டாக்டரே சொன்னார்.

அந்தப் பதிவுக்கு மறுநாள் நான் வந்ததும் வராததுமாக, வாணியக்கா "நேத்து போட்டியாடா?" என்று கேட்டது இப்போதுதான் உறைத்தது. தினமும் போடுவதைத்தானே கேட்கிறாள் என்று, "போட்டாச்சுக்கா" என்றேன். அன்று தாலுகா ஆபீசுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து, வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். மனுக் கொடுக்க யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்னக்கொடியக்கா உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "கடைசியில நீதான பக்கத்துல இருந்த? என்னயப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

இதையாவது வெட்டிவிடலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் இவரிடமிருந்து ஏற்கெனவே எடுத்தது போதாதா?

"உங்களுக்குத் தகவல் சொல்லவான்னு கேட்டேன்க்கா. வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"'அவளுக்குத் தெரியும்டா. வரணும்னு இருந்தா எப்பவோ வந்திருப்பா'ன்னாங்க."

அந்த அம்மா என் மேல் பாயவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். துணியை எடுத்துவிட்டு, வார்டில் மயக்கத்தில் கிடப்பவர்களைக் கூப்பிடுவதுபோலச் சத்தமாகச் சொன்னார்:

"தெரியாதுடி... எனக்குத் தெரியாதுடி வாணி... சத்தியமா எனக்குத் தெரியாதுடி!"