இருபத்தோரு நாள் ஈரம்

நாலு நாளைக்கு முன் வார்த்த கிணற்று உறைகளுக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தோடு வந்த கொளஞ்சியம்மாள், அவை டிராக்டர் பெட்டியில் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். ஏற்றிக்கொண்டிருந்தவன் அவள் தம்பி செல்லமுத்து.

"கெணறு வெட்டுறேங்க்கா. நம்ம கம்பெனி உறைதான் வேணும்னு செட்டிகொளத்துலேர்ந்து வந்துட்டேன்."

நம்ம கம்பெனி. அந்தப் பெருமையை அவன் காதில் ஓதியவளே அவள்தான். பெரம்பலூர்க் கோடியிலிருந்த இந்த சிமெண்டு உறைக் கம்பெனியில் பதினாறு வருஷமாக அவளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. சிமெண்டு நன்றாக இறுக, அச்சிலிருந்து கழற்றிய உறையில் இருபத்தோரு நாள் ஈரம் காயக்கூடாது, அதற்கு முன் எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது என்பது பெரிய முதலாளி வைத்திலிங்கம் வைத்த சட்டம். ஒரு வேளைத் தண்ணீர் தவறினால் போதும், மனிதர் சம்மட்டியைத் தூக்கி அந்த உறையைத் தானே உடைப்பார். "உள்ள எறங்குறவன் ஒம் புருசனா இருந்தா இப்பிடிக் காயப்போடுவியா?" என்று கத்துவார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அவர் செத்துப்போன இந்த மூன்று வருஷமாக அந்த வசவுக்குத்தான் மனசு கிடந்து ஏங்குகிறது. ஒருத்தரும் திட்டாத இடத்தில் வேலை செய்வது இத்தனை வெறுமையாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

இப்போது கம்பெனியை நடத்தும் அவர் மகன் தனசேகரைக் கெட்டவன் என்று சொல்ல வாய் வராது. தீபாவளிப் புடவை அப்பா கொடுத்ததைவிட ஒரு படி உசத்தி. ஆனால் பத்து நாள் என்றான், ஏழு என்றான், இப்போது நாலு. உறையில் மட்டும் அப்பா பெயரை முன்னைவிடப் பெரிதாகப் பதித்திருந்தான். அப்படிப் போனதெல்லாம் யாரோ ஊரார் கிணற்றுக்கு என்று அவளும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள். இன்றைக்கு இந்த உறைகளைக் குழியில் இறக்கி, அவற்றுக்குள்ளே நின்று தோண்டப்போகிறவன் கூடப்பிறந்தவன். பாதி இறுகிய உறை விண்டால் அவன் தலையில்தான் விழும்.

நேரே தனசேகரிடம் போனாள். "இன்னும் பதினேழு நாளு இங்கயே கெடக்கட்டுங்க."

"நாளைக்கு வார்க்க எடம் வேணும்மா" என்றான் அவன், தன்மையாகவே.

தம்பியை ஓரமாகக் கூப்பிட்டாள். "டேய், உடனே எறக்கிப்புடாத. பதினேழு நாளு வேளா வேளைக்குத் தண்ணி ஊத்திட்டு அப்பறம் எறக்கு."

செல்லமுத்து சிரித்துவிட்டான். "தண்ணி இருந்தா நான் ஏங்க்கா கெணறு வெட்டுறேன்? குடிக்கவே ஒரு மைல் நடக்குறோம். அதெல்லாம் இங்கயே ஊத்தி முடிச்சிருப்பீங்கல்ல? அதுக்குத்தான கம்பெனி?"

"ஊத்தி முடிக்கலடா" என்றாள். செத்துப்போனவரைக் காட்டிக் கொடுத்த மாதிரி உடம்பு கூசியது.

டிராக்டர் கிளம்பியபோது குடத்தோடு பெட்டியில் ஏறி உறைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். தனசேகர் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

"எங்கம்மா கௌம்பிட்டீங்க?"

"கம்பெனி வேலையாத்தாங்க போறேன்."

வண்டி கேட்டைத் தாண்டியது. அன்று காலை அச்சிலிருந்து கழற்றிய எட்டு உறைகள், ஊற்ற ஆளில்லாமல், விளிம்பிலிருந்து வெயிலில் வெளுக்கத் தொடங்கியிருந்தன.