அடியில் இருந்த கார்டு

கடைக்கு வருகிறவர்களில் எனக்குப் பிடிக்காதவர்கள் இரண்டு வகை. நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கிறவர்கள் ஒரு வகை. ஒன்றுமே தெரியாமல் வந்து நான் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகை தலைவலி, ஒரு மாத்திரையோடு போய்விடும். இரண்டாவது வகை வீட்டுக்கும் கூடவே வரும்.

அன்று கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்தவர் இரண்டாவது வகை. அறுபது வயதிருக்கும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த பெட்டி, விளையாட்டுப் பிரியர்கள் வாங்குவது.

"பத்து நிமிஷம் ஓடுது தம்பி. அப்புறம் பட்டுனு அணைஞ்சிடுது."

"ராத்திரி பகலா கேம் ஆடினா அப்படித்தான் ஐயா" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"நான் ஆடல. பையனோடது. அவன் போய் எட்டு மாசம் ஆச்சு. காய்ச்சல்னு படுத்தான், ஒரே வாரம்."

நான் தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

"ஆறு மணிக்கு வேலை விட்டு வருவான்" என்றார். "செருப்பைக்கூடக் கழட்டாம இதைத்தான் முதல்ல போடுவான். இப்போ அந்த நேரத்துக்கு அவங்கம்மா போடுறா. அந்தக் கேம் திறந்து பாட்டு ஓடும், உள்ள விசிறி சத்தம் கேட்கும். அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே வேலை செய்வா. அவன் ரூம்ல இருக்கிற மாதிரியே இருக்காம். ஒரு வாரமா பாதியில அணையுது. அணைஞ்சதும் அழுகை. என்னால பார்க்க முடியல தம்பி. எப்படியாவது ஓட வச்சிடுங்க."

"பார்க்கலாம் ஐயா."

"உள்ள ரெண்டு கார்டு இருக்கு. மேல இருக்கிறது அவன் முதல் சம்பளத்துல வாங்கினது. அடியில இருக்கிறது அவன் பொறந்தநாளுக்கு நான் வாங்கிக் குடுத்தது. அஞ்சு வருஷம் முன்ன இங்கதான் வாங்கினேன். ரெண்டா போட்டா வேகம் ரெட்டிப்பாகும்னு நீங்கதான் சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் படம் வரைகிற பாகம். ஒரே பெட்டியில் இரண்டு போடுவது ஒரு காலத்தில் பெரிய மோகமாக இருந்தது. இவர் வந்தபோது அந்த மோகம் வடிந்துவிட்டது. புதிதாக வந்த விளையாட்டுகள் ஒரு கார்டைத்தான் பயன்படுத்தின. இரண்டாவது சும்மா குந்தியிருக்கும், சூட்டைத்தான் கிளப்பும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அலமாரியில் ஒரு கார்டு ஒரு வருடமாக விலைபோகாமல் கிடந்தது. பையனுடைய கார்டின் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து, 'இதே மாதிரி இன்னொண்ணு' என்று கேட்ட அப்பாவிடம் அதைத் தேன் தடவிப் பேசித் தலையில் கட்டினேன்.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு கார்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருந்தன. அடியில் இருந்தது மேலே இருந்ததன் விசிறியை அடைத்துக்கொண்டிருந்தது. காற்று வர வழியில்லை, எட்டு மாதத் தூசி வேறு, அதனால்தான் சூடேறி அணைகிறது. அதுவரை சரி. டார்ச்சை அடித்துப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எந்த மடையன் பார்த்த வேலை இது? ஐயா, இந்த அடிக் கார்டு செத்து வருஷக்கணக்காச்சு. பாருங்க, கரிஞ்சு கிடக்கு, மேல இருக்கிறதுக்குக் காத்தையும் அடைக்குது. விசிறி ஒயரைக் கார்டுல இருந்து பிடுங்கி, நேரா போர்டுல சொருகி வச்சிருக்கான். செத்த கார்டு, விசிறி மட்டும் சுத்துது! வெளியில இருந்து பார்க்கிறவங்க ஓடுதுன்னு நினைக்கணும்னு..."

அந்த ஒயரைக் கையில் இழுத்துவிட்டேன். நடுவில் ஓர் ஒட்டு. ஒட்டின்மேல் பச்சை டேப், மூன்று சுற்று. இந்த ஊரில் ஒயருக்குப் பச்சை டேப் சுற்றுகிறவன் நான் ஒருவன்தான்.

ஞாபகம் வந்தது. அதிகம் பேசாத பையன் ஒருவன் வந்து, விசிறி ஒயரை நீளமாக்கித் தரச் சொன்னான். எதற்கு என்று கேட்டேன். "அப்பா பார்ப்பாருண்ணா" என்றான். கார்டைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லவில்லை, ஏன் ஏமாற்றினீர்கள் என்று கேட்கவில்லை. எனக்கும் அன்று விளங்கவில்லை.

பெரியவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"செத்து வருஷக்கணக்கா?"

"வாங்கின மூணு, நாலு மாசத்துல இருக்கும்."

"நான் அவன் ரூமுக்குப் போனா உடனே இன்னொரு சேர் இழுத்துப் போடுவான். கண்ணாடி வழியா காட்டுவான். 'உங்க கார்டு வந்த பிறகுதான்ப்பா பறக்குது'ம்பான். போன வருஷம்கூடச் சொன்னான்." கரிந்த கார்டைக் குனிந்து பார்த்தார். "அன்னைக்கு விக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா தம்பி? ரெண்டு தேவையில்லன்னு?"

"தெரியும் ஐயா."

அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "எனக்குத் தெரியாது, அதான் கேட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

"நல்ல கார்டு ஒண்ணு போட்டுத் தரேன் ஐயா. எதுவும் தர வேண்டாம். முன்ன மாதிரியே ரெண்டா இருக்கட்டும்."

"அதுவும் சும்மாதான் இருக்குமா?"

"...ஆமா."

"அப்ப வேண்டாம். என்னோடதை எடுத்துடுங்க. அவனோடது ஓடட்டும்."

எடுத்தேன். தூசி தட்டி, ஒற்றைக் கார்டோடு ஓட்டினேன். பத்து நிமிடம் தாண்டியது, இருபது தாண்டியது, அணையவில்லை. விளையாட்டின் செட்டிங்கைத் திறந்தேன். எல்லாமே ஆகக் கீழே. படம் மங்கல், நிழல் கிடையாது. சூடு ஏறாமல் இருக்கத் தன் முதல் சம்பளத்துக் கார்டைப் பாதி உயிரில் ஓட்டியிருக்கிறான். நாலு வருடம். அடியில் இருந்ததைக் கழற்றியிருந்தால் போதும்.

"என்னோடது அடைச்சுக்கிட்டு இருந்ததாலதான் சூடா? அது அவனுக்குத் தெரியுமா தம்பி?"

வாழ்க்கையில் முதன்முறையாக வாயை அடக்கினேன். "அதெல்லாம் தெரிஞ்சிருக்காது ஐயா" என்று செட்டிங்கை மூடினேன்.

அவர் பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்தார். "சத்தம் குறைஞ்சுபோச்சே. அவ கண்டுபிடிச்சிடுவா."

செத்த கார்டை எடுத்து அதன் விசிறியை மட்டும் கழற்றினேன். பெட்டியின் அடித்தளத்தில், மேலே பார்த்தபடி வைத்து முடுக்கினேன். அதே ஒயர், அதே பச்சை டேப். மறுபடியும் ஓட்டியபோது பழைய இரைச்சல் வந்தது. திரையின் மூலையில் சூடு எழுபத்தெட்டு டிகிரியில் இருந்து மெல்ல இறங்கி அறுபத்தாறில் நின்றது.

"இப்போ என்னோடது அவன் கார்டுக்குக் காத்து வீசுதா?"

"ஆமா ஐயா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "நிஜமாவா? இல்ல, நீங்களும் அவன மாதிரி சும்மா சொல்றீங்களா?"

அவர் கையைப் பிடித்து விசிறிக்கும் கார்டுக்கும் நடுவில் வைத்தேன். காற்று விரல்களில் பட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையை எடுக்கவே இல்லை. ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன்.