தட்டில் மிஞ்சாத சோறு

குரோம்பேட்டையில் கல்லூரிப் பெண்கள் தங்கும் ஒரு தனியார் விடுதி. அங்கே செல்வமேரிதான் தலைமைச் சமையல்காரி. ஏறக்குறைய இருநூறு பேருக்கு அவள் கையால் சாப்பாடு. கைமணம் உள்ளவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பெயர் அவளுக்குப் பெரிது.

ஒரு நாள் தட்டு கழுவும் பெண் வரவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் செல்வமேரியே கழுவுமிடத்தில் போய் நின்றாள். தட்டுத் தட்டாகச் சோறு வந்து நீல டிரம்மில் விழுந்தது. விடிவதற்கு முன் வந்து அவள் உலையேற்றி வடித்த சோறு. கூடவே கையே படாத பீட்ரூட் பொரியல். டிரம் நிரம்பி இன்னொன்றை இழுத்துப் போட வேண்டியதாயிற்று.

அன்று அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. வயலுக்குப் பாய்ந்த தண்ணீர், லாரி குடித்த டீசல், இங்கே எரிந்த கேஸ் எல்லாம் இந்த டிரம்முக்குத்தானா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் பரிமாறும் கரண்டியை அவளே பிடித்தாள். குவிக்காமல் ஆளுக்கு ஒரு கரண்டி சோறு. ஸஹானா என்ற இரண்டாம் வருஷத்துப் பெண் நீட்டிய தட்டை இழுக்காமல் நின்றாள்.

"என்னக்கா, இவ்ளோதானா?"

"சாப்ட்டு வாம்மா. எத்தினி தபா வந்தாலும் போடறேன். கொட்றதுக்கு மட்டும் போடமாட்டேன்."

"அப்போ பீட்ரூட்டை சாப்பிடற மாதிரி பண்ணுங்கக்கா. பாதி வேகவே இல்ல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். செல்வமேரிக்குச் சுருக்கென்றது. பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, அன்றும் போட்டிருந்த பீட்ரூட் பொரியலில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். நறுக்கென்று இருந்தது, மண்வாசனை வேறு. அந்தப் பெண் சொன்னது சரிதான்.

அதிலிருந்து தினமும் கழுவுமிடத்தில் நின்று எது திரும்பி வருகிறது என்று பார்த்தாள். பீட்ரூட்டைத் துருவி, தேங்காய்ப்பூ போட்டு வதக்கினாள். எங்கிருந்தோ நாள்கணக்கில் பயணப்பட்டு வாடி வரும் பீன்ஸை நிறுத்திவிட்டு, பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் கீரையும் முருங்கைக்காயும் கேட்டாள். மேனேஜர் தோத்தாத்ரி தயங்கினார்.

"பொண்ணுங்க கம்ப்ளெயின்ட் பண்ணா உங்களத்தான் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க சார். நானே பதில் சொல்லிக்கிறேன்."

கூப்பிடத்தான் செய்தார். முதல் வாரம் முழுக்க ஏதாவது முணுமுணுப்பு. செல்வமேரி போய் நின்று, என்ன பிடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு வந்து, அடுத்த நாள் மாற்றிப் பார்த்தாள். முருங்கைக்கீரை அடை போட்ட அன்று ஸஹானாவே மூன்றாம் முறை வந்து வெட்கத்தோடு தட்டை நீட்டினாள். செல்வமேரி மொறுமொறுப்பான அடையாகப் பார்த்து வைத்தாள்.

மிச்சச் சோற்றை எடுத்துப்போக தினமும் வருபவன் சேட்டு என்ற மாட்டுக்காரன். ஒரு நாள் அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"இன்னாக்கா, ஒரே பேஜாரா கீது. டிரம்மு காலியா கீதே. பொண்ணுங்கல்லாம் ஊருக்குப் பூட்ச்சிங்களா?"

"எங்கயும் போலப்பா. அல்லாத்தையும் துன்ட்டாங்க."

சேட்டு நம்பாமல் போய் டிரம்முக்குள் மறுபடியும் எட்டிப் பார்த்தான். அவன் விழித்த விழியைப் பார்த்ததும் செல்வமேரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் சமையலை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"அப்ப என் மாட்டுக்கு?"

தனியாக எடுத்து வைத்திருந்த கூடையை நகர்த்தினாள். கோஸின் மேல்தழை, கேரட் தோல், கீரைத் தண்டு. "இத்தப் போடு. புளிச்ச சோத்தத் துன்னு மாட்டுக்கு வயிறு உப்பிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தியே."

சேட்டு ஒரு தழையைக் கையில் எடுத்து முகர்ந்தான். பிறகு கூடையைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

அன்று வேலை முடிந்து பம்மலுக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தாள்.

"எங்கம்மா வேலை?"

"ஹாஸ்டல்ல சமைக்கிறேங்க," என்றாள் செல்வமேரி. அதோடு நிறுத்த மனசு வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "இருநூறு பொண்ணுங்க. ஒரு தட்டுல ஒரு பருக்கை மிஞ்சாது."